பச்சாட்டா சோஷியல் முடிஞ்ச பிறகு: புதுசா வர்றவங்க யார்கிட்ட, எப்படிப் பேசுறது?

புதுத்தடம்
பச்சாட்டா டொமினிகன் குடியரசுல இருந்து வந்த ஜோடி ஆட்டம். எல்லாரும் கூடி ஆடுற இரவு நிகழ்ச்சியைத்தான் சோஷியல்னு சொல்றாங்க. பேஸிக் ஸ்டெப், பக்கவாட்டு, முன்-பின், ஒரு வலது திருப்பம் வரைக்கும் தெரிஞ்ச ஒருத்தர் சோஷியலுக்குப் போறார்னு வைங்க. ஆடக் கேக்குறதுல பெரிய சிக்கல் இல்லை. கேட்டா பெரும்பாலும் வர்றாங்க. சிக்கல் அதுக்குப் பிறகுதான். இசை நின்னு விளக்கு எரிஞ்சதும் அவங்கவங்க கூட்டம் கூட்டமா நிக்கிறாங்க, சிலர் சாப்பிடக் கிளம்புறாங்க. புது ஆள் மட்டும் ஷூவை மாத்திட்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதா இருக்கு.

மூணு கேள்வி. யார்கிட்ட முதல்ல போகலாம்? இப்பத்தான் நெருங்கி நின்னு ஆடின ஒருத்தர்கிட்ட, தப்பா எடுத்துக்காதபடி பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது? சாப்பிடப் போறவங்களோட சேர்ந்துக்க அவங்க கூப்பிடணுமா, நாமளே கேக்கலாமா?

கடைசிப்பாட்டு
விளக்கு எரிஞ்ச பிறகுதான் பேச ஆரம்பிக்கணும்னு நினைக்கிறதுலயே பாதிச் சிக்கல் இருக்கு. வழக்கமான சோஷியல் எப்படி நடக்குது? 45 நிமிஷமோ ஒரு மணி நேரமோ தொடக்க வகுப்பு. அப்புறம் மூணு நாலு மணி நேரம் ஆட்டம். இதுல பேச இடம் கிடைக்கிறது மூணு தடவை: வகுப்பு முடிஞ்சு தளம் நிரம்புறதுக்கு முந்தின பத்துப் பதினஞ்சு நிமிஷம், நடுவுல தண்ணி குடிக்கிற நேரம், கடைசியில விளக்கு எரிஞ்ச பிறகு ஒரு கால் மணி நேரம். முதல் இடைவெளியில ரெண்டு பேரோட பெயர் தெரிஞ்சு வச்சுக்கிட்டா, கடைசி இடைவெளியில போய் நிக்க ஒரு இடம் இருக்கும்.

வகுப்புல ஜோடி மாத்தி மாத்தித்தான் ஆட வைப்பாங்க. மாறும்போதெல்லாம் பெயரைச் சொல்லிட்டுக் கை கொடுங்க. பத்துப் பேர்கிட்ட சொன்னா ரெண்டு பெயர்தான் மனசுல நிக்கும், அது போதும். ஆட்டம் நடுவுல அந்த ரெண்டு பேர்கிட்ட ஒரு பாட்டு கேளுங்க. இரவு முடியும்போது அவங்களோட மூணாவது தடவையா பேசிட்டு இருப்பீங்க.

யார்கிட்டன்னு கேட்டா, ஷூ மாத்திட்டு உட்கார்ந்திருக்கிறவங்கதான் முதல் தேர்வு. ஆட்ட ஷூவோட அடியில மெல்லிய ஸ்வேட் தோல் இருக்கும். ஈரத்துல மிதிச்சா அது கெட்டுப்போயிடும், அதனால வெளியே அதைப் போட்டுக்கிட்டுப் போக மாட்டாங்க. எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்து மாத்தியாகணும். வார்பட்டையைக் கழட்டுற ரெண்டு மூணு நிமிஷம் கை வேலையா இருக்கும், வாய் சும்மா இருக்கும். பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து உங்க ஷூவை நீங்க மாத்தினா, அவங்களை வழிமறிச்சுப் பேசுற மாதிரி இருக்காது.

போங்கோ_கை
கடைசிப்பாட்டு சொன்னது சரி. பேச்சை எதுல தொடங்குறதுங்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

"எத்தனை வருஷமா ஆடுறீங்க?" எல்லாரும் கேக்குற கேள்வி, ஆனா பதில் வந்ததுமே ஒருத்தர் மூத்தவர், ஒருத்தர் கத்துக்குட்டின்னு ஆயிடுது. வேலை, வயசு, கல்யாணம் ஆச்சா, அந்த ரெண்டு பேரும் ஜோடியா, இதெல்லாம் முதல் நாள் கேக்க வேண்டாம். இரவு முழுக்க சேர்ந்து ஆடுற ரெண்டு பேர் தளத்துக்கு வெளியே வெறும் அறிமுகக்காரங்களா இருக்கிறது இங்க ரொம்பச் சாதாரணம்.

பாட்டைப் பத்திக் கேளுங்க. அந்தக் கால் மணி நேரத்துல எல்லார் மண்டைக்குள்ளயும் ஓடிக்கிட்டு இருக்கிறது அதுதான். "வேகமா வந்த அந்த கிதார் பாட்டுக்கு எல்லாரும் கையை விட்டுட்டு கால்வேலை பண்ணாங்களே, அது எங்க கத்துக்கலாம்?" இந்த ஒரு கேள்விக்கே மூணு பேர் பதில் சொல்ல வருவாங்க. பச்சாட்டாவுல அஞ்சு வாத்தியம்: முன்னணி கிதாரான ரெக்கின்டோ, தாளம் பிடிக்கிற செகுண்டா, பேஸ், போங்கோ, உலோகத்தைச் சுரண்டி வாசிக்கிற குயிரா. பாட்டு போற போக்குல தெரேச்சோ, மஹாவோ, மாம்போன்னு மூணு நடை மாறும். மாம்போ வந்ததும் பழகினவங்க கால்வேலைக்குப் போறதை நீங்க கவனிச்சிருந்தாலே பேச்சுக்கு விஷயம் கிடைச்சாச்சு.

பாட்டோட பெயர் வேணும்னா டிஜேகிட்ட கேக்கலாம். கேபிள் சுருட்டிட்டு இருக்கும்போது இல்லை, அவர் பையை மூடின பிறகு. "நல்லா இருந்துச்சே ஒரு பாட்டு" னு சொன்னா அவரால கண்டுபிடிக்க முடியாது. "பத்தரை மணி சுமாருக்கு, சல்சா பாட்டு முடிஞ்சதும் முதல்ல போட்ட பச்சாட்டா" னு கேட்டா பட்டியலைப் பார்த்துச் சொல்லிடுவார்.

ஃபாலோ_தரப்பு
ரெண்டாவது கேள்விக்கு ஃபாலோ பண்றவங்க (ஜோடியில லீட் பண்றவர் காட்டுற அசைவுக்கு ஏத்தபடி ஆடுறவங்க) பக்கத்துல இருந்து பதில் சொல்றேன், ஏன்னா அதிகம் தப்பு நடக்கிற இடம் அது.

பச்சாட்டா நெருக்கமான ஆட்டம். சென்சுவல் பாணியில நெஞ்சும் தொடையும் ஒட்டி நிக்கும், கண் மூடியிருக்கும், மூச்சு கேக்கும். அந்த நெருக்கம் பாட்டுக்கு உரியது. பாட்டு முடிஞ்சு கையை விட்டதும் அதுவும் முடிஞ்சது. நல்லா ஆடின ஒரு பாட்டை வச்சு "இவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு" னு கணக்குப் போடாதீங்க. நல்ல ஃபாலோயர் எல்லார்கூடவும் அதே கவனத்தோடதான் ஆடுவாங்க.

விளக்கு எரிஞ்ச பிறகு பேசப் போறீங்கன்னா ஒரு கை நீளத்துக்கும் கொஞ்சம் அதிகமாவே தள்ளி நில்லுங்க. தளத்துல தோள்ல கை இருந்ததால இப்பவும் இருக்கலாம்னு இல்லை. அவங்களுக்கும் வாசலுக்கும் நடுவுல நிக்காதீங்க. சொல்றது குறிப்பா இருக்கட்டும்: "ரெண்டாவது பாட்டுல நான் எண்ணிக்கை விட்டப்ப நீங்க நிதானமா டாப்ல நின்னு காத்திருந்தீங்க, நன்றி." (டாப்னா 4-லயும் 8-லயும் பாரத்தை இறக்காம பாதத்தால லேசாத் தட்டுறது.) "அழகா இருந்தீங்க", "உங்க உடல் அசைவு சூப்பர்" ரெண்டும் வேண்டாம். முதல்ல சொன்னது ஆட்டத்தைப் பத்தினது. மத்த ரெண்டும் ஆளைப் பத்தினது.

ஒத்தை வார்த்தையில பதில் வருது, கண் ஷூவிலயோ போன்லயோ இருக்கு, பாதம் வேற பக்கம் திரும்பியிருக்கு. இதுல ரெண்டு தெரிஞ்சாலே "சரி, அடுத்த சோஷியல்ல பார்க்கலாம்" னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. மனஸ்தாபம் ஒண்ணும் இல்லை, அவங்க களைச்சிருக்கலாம். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டு இழுத்தாத்தான் அடுத்த தடவை ஆட வரவும் யோசிப்பாங்க.

புதுசா வர்ற பெண்களுக்கும் சொல்லணும். யாராவது விடாம பேசிட்டே பின்னாடி வந்தா காரணம் சொல்லிட்டு நிக்க வேண்டியதில்லை. "நான் கிளம்புறேன்" போதும். நேரா ரெண்டு மூணு பேர் நிக்கிற இடத்துக்குப் போய் நில்லுங்க, தெரியாதவங்களா இருந்தாலும் பரவாயில்லை. நடத்துறவங்ககிட்ட அன்னிக்கே சொல்லுங்க. பாட்டு நடுவுலயே கையை விட்டுட்டுப் போக உங்களுக்கு உரிமை இருக்கு, பேச்சுக்கும் அதேதான்.

சுவரோரம்
கூட்டத்துல பேசினா சீக்கிரம் களைச்சுப் போறவங்க நிறையப் பேர் ஆட வர்றாங்க. அவங்களுக்குக் கடைசி வரைக்கும் இருக்கணும்னு கட்டாயம் எதுக்கு? வகுப்பு, ஏழெட்டுப் பாட்டு, ரெண்டு பேர்கிட்ட பேச்சு, அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டுப் போனா மாசக்கணக்குல தொடர்ந்து வர முடியும். ஒரே இரவுல எல்லாரையும் தெரிஞ்சுக்கப் பார்த்தா அடுத்த வாரம் கால் நகராது. முகம் பழகுறதுக்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போறதுதான் வழி. வாரம் ஒரு புது இடம்னு சுத்தினா எங்கயும் புது ஆளாவே இருப்பீங்க.

இன்னொண்ணு, காது. ஒலிபெருக்கி பக்கத்துல சத்தம் 100 டெசிபெல்லைத் தொடும். பணியிடச் சத்தத்துக்கு அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் சொல்ற அளவு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகுது. 100-க்கு 15 நிமிஷம்தான். நாலு மணி நேரம் ஆடிட்டு வெளியே வந்தா காது மந்தமா இருக்கும், ஆளாளுக்குக் கத்திப் பேசுவாங்க, பெயர் தப்பாக் கேக்கும். இசைக்காரங்க போடுற வடிகட்டிக் காதடைப்பான் போட்டா எல்லாச் சுருதியும் ஒரே அளவுல குறையும், பாட்டும் கெடாது. பேசுறதுக்கு ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்க மூலையோ வாசலோ நல்லது. காதுக்குள்ள குனிஞ்சு பேச வேண்டிய அவசியமும் இருக்காது.

கடைசிப்பாட்டு
சுவரோரம் சொல்றதுல ஒரு பாதியை மட்டும் ஒத்துக்கிறேன். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகணும், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா எப்பவும் சீக்கிரமே கிளம்புறவங்களுக்கு ஒரு இழப்பு இருக்கு. தளத்துல ஒரு மாதிரி நடந்துக்கிறவங்க விளக்கு எரிஞ்சதும் வேற மாதிரி இருப்பாங்க. ரொம்பப் பெரிய ஆட்டக்காரர்னு தள்ளி நின்னு பார்த்தவர் நாற்காலி அடுக்கிட்டு இருப்பார். அவர்கிட்ட அப்பத்தான் பேச முடியும். மாசத்துல ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் இருந்து பாருங்க.

ஒரு எச்சரிக்கை: கடைசி ரெண்டு பாட்டைப் பலர் தங்களுக்கு நெருக்கமானவங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. அப்போ கேட்டு இல்லைன்னு சொன்னா அது உங்க ஆட்டத்துக்கான மதிப்பெண் இல்லை.

மண்டப_வேலை
நடத்துறவங்க பக்கத்துல இருந்து சில விஷயம். விளக்கு எரிஞ்சதும் மண்டபத்தைக் குறிச்ச நேரத்துக்குள்ள காலி பண்ணிக் கொடுக்கணும், தாண்டினா கூடுதல் வாடகை. அதனால நடத்துறவர் முகம் கடுகடுன்னு இருந்தா உங்க மேல இல்லை. நீளமா அறிமுகம் பண்ணிக்க அது நேரமும் இல்லை. ஒரு வரி நன்றி சொல்லுங்க, முடிஞ்சா நாலு நாற்காலி அடுக்குங்க, தரையில கிடக்கிற குப்பிகளை எடுங்க. யார்கிட்டயும் எதுவும் கேக்காமலே நாலு பேரோட பழக்கம் ஆகிடும். கையில ஒரு வேலை இருக்கும்போது பேச்சு தானா வரும், முக்கியமா கூச்சப்படுறவங்களுக்கு.

கூட்டத்துல சேர்ந்துக்கிறது பத்தி. நிக்கிற விதத்தைப் பாருங்க. ஒருத்தருக்கொருத்தர் நேருக்கு நேரா, இடைவெளி இல்லாம, குரல் தாழ்த்தி நின்னா அது தனிப் பேச்சு, விட்டுடுங்க. அரைவட்டமா, பாதம் வெளிப்பக்கம் திரும்பி நின்னா இடம் இருக்குன்னு அர்த்தம். போய் நின்னதும் உடனே பேசாதீங்க. அரை நிமிஷம் கேளுங்க, அவங்க பேசுற விஷயத்துலயே ஒரு கேள்வி கேளுங்க.

சாப்பாட்டுக்கு: யாராவது பொதுவா "சாப்பிடப் போறோம், யார் வர்றீங்க?" னு கத்தினா அதுதான் அழைப்பு, உங்களுக்கும் சேர்த்து. அப்படிக் கத்தாம ஆறேழு பேர் கிளம்புறாங்கன்னா, அதுல பெயர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட "நானும் வரலாமா?" னு கேளுங்க. தப்பே இல்லை. ரெண்டு பேர் மட்டும் கிளம்பும்போது கேக்காதீங்க. மேஜையில ஓரத்துல உட்காராதீங்க. பத்துப் பேர் இருந்தா பேச்சு மூணாப் பிரியும், ஓரத்துல இருக்கிறவருக்கு ஒரு பக்கம்தான் ஆள். நடுவுல இருந்தா ரெண்டு பக்கமும் கேக்கலாம். உங்க பங்கு காசை எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க. பாதியில கிளம்பணும்னா பக்கத்துல இருக்கிற ரெண்டு பேர்கிட்ட சொன்னாப் போதும், மேஜையைச் சுத்தி வந்து விடைபெறத் தேவையில்லை.

ஓரக்குரல்
"நான் எப்படி ஆடினேன்?" னு கேக்கலாமா? நிறையப் பேர் அதைத்தானே முதல் பேச்சாக் கேக்குறாங்க.

போங்கோ_கை
அப்படிப் பொதுவாக் கேட்டா "நல்லா ஆடினீங்க" தான் பதிலா வரும், அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஒரே ஒருத்தர்கிட்ட, ஒரே ஒரு விஷயம் கேளுங்க. லீட் பண்றவங்க: "என் கட்டைவிரல் உங்க கையை அழுத்துச்சா?" புதுசா லீட் பண்றவங்க கட்டைவிரலால மேல இருந்து பூட்டு போட்ட மாதிரிப் பிடிப்பாங்க, திருப்பும்போது ஃபாலோயரோட மணிக்கட்டு முறுக்கிக்கும். ஃபாலோ பண்றவங்க: "நீங்க காட்டுறதுக்கு முன்னாடியே நான் திரும்பிட்டேனா?" இன்னொரு நல்ல கேள்வி, 4-லயும் 8-லயும் வர்ற டாப் பத்தினது. டாப்ல பாரத்தை இறக்கிட்டா அடுத்த அடிக்குத் தப்பான கால் மாட்டிக்கும், அதனாலதான் பாதி ஆட்டத்துல எண்ணிக்கை தொலையுது. இதை ஆடினவர் உடனே உணர்ந்திருப்பார், சொல்லவும் முடியும்.

கேக்காதவங்களுக்குத் திருத்தம் சொல்றது மட்டும் கூடவே கூடாது, தளத்துலயும் சரி, வெளியிலயும் சரி. ஒரே விதிவிலக்கு வலி. தோள் வலிச்சது, கழுத்துல இழுத்ததுன்னா அந்த நொடியே சொல்லணும். யார் காலையாவது மிதிச்சிருந்தா அப்பவே மன்னிப்பு கேட்டிருப்பீங்க. முடிவுல ஒரு தடவை போய் "கால் எப்படி இருக்கு?" னு கேளுங்க. குதிகால் ஷூ மிதி கொஞ்ச நேரம் கழிச்சும் வீங்கலாம்.

ஃபாலோ_தரப்பு
போன் நம்பர் பத்தி யாரும் சொல்லலை. தனி நம்பர் கேக்காதீங்க, குழுவோட இணைப்பைக் கேளுங்க. பெரும்பாலான இடத்துல வாட்ஸ்அப் குழு இருக்கும், அடுத்த சோஷியல் எப்போ, யார் எப்படி வர்றாங்கங்கிறது எல்லாம் அதுல வரும். பேச்சு நல்லாப் போய், இன்ஸ்டா கணக்கைக் கேக்கணும்னு தோணினா உங்க போன்ல உங்க பக்கத்தைக் காட்டி "விருப்பம் இருந்தா சேர்த்துக்கோங்க" னு சொல்லுங்க. சேர்க்கிறதும் சேர்க்காததும் அவங்க கையில இருக்கும்.

மறுநாள் செய்தி அனுப்பினா ஒண்ணு போதும், பேசின விஷயத்தைத் தொட்டு: "நீங்க சொன்ன கால்வேலை வகுப்பு எந்தக் கிழமை?" பதில் வரலைன்னா விட்டுடுங்க. குழுவுல இருந்து நம்பரை எடுத்துத் தனியா "ஹாய்" அனுப்புறதைச் செய்யவே கூடாது. எத்தனையோ பெண்கள் குழுவை விட்டே போறதுக்கு அதுதான் காரணம்.

வீடியோ எடுத்திருந்தா போடுறதுக்கு முன்னாடி அதுல ஆடின ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. பின்னணியில வேற யாராவது தெளிவாத் தெரிஞ்சா அவங்ககிட்டயும்.

ஓரக்குரல்
வீடு திரும்புறதைப் பத்தியும் சொல்லணும். கடைசிப் பாட்டுக்கு முன்னாடியே எப்படிப் போறதுன்னு முடிவு பண்ணிடுங்க. அப்புறம் யாரையாவது நம்பி நின்னா, அவங்க சாப்பிட உட்கார்ந்துட்டா நீங்களும் மாட்டிக்குவீங்க. வண்டியில இடம் இருக்குன்னு சொல்றவங்க, புதுசா அறிமுகமான ஒருத்தரைத் தனியாக் கூப்பிடாம "நான் போற பக்கம் யாரு வந்தாலும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு" னு சொன்னா, ஒத்துக்கிறதும் மறுக்கிறதும் சுலபம்.

பையில ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் இருக்கட்டும். பேசப் போறதுக்கு முன்னாடி மாத்திக்கோங்க. வியர்வையோட நின்னா எதிர்ல இருக்கிறவங்க ஒரு அடி பின்னாடி போவாங்க, உங்களுக்கும் உடம்பு சில்லுன்னு ஆகித் தசை பிடிச்சுக்கும்.

சுவரோரம்
இன்னும் ஒரு கண்ணி இருக்கு. சாப்பாட்டு மேஜையில "எது உண்மையான பச்சாட்டா" ங்கிற சண்டை எப்படியும் வரும். டொமினிகன் பாணிக்காரங்க ஒரு பக்கம், சென்சுவல் பாணிக்காரங்க ஒரு பக்கம். புது ஆளை நடுவராக்கப் பார்ப்பாங்க. பின்னணி தெரிஞ்சு வச்சுக்கோங்க. இசை டொமினிகன் குடியரசுல பிறந்தது. சர்வாதிகாரி த்ருஹியோ 1961-ல கொல்லப்பட்ட பிறகு, 1962-ல ஹோசே மானுவேல் கால்தெரோன் பதிவு பண்ணின பாட்டுகளைத்தான் முதல் பச்சாட்டா பதிவுகளாச் சொல்றாங்க. ரொம்ப காலம் அதை ஏழைங்க பாட்டு, மதுக்கடைப் பாட்டுன்னு மேல்தட்டு ஒதுக்கி வச்சது. 2019-ல யுனெஸ்கோ மானுடத்தின் மரபுரிமைப் பட்டியல்ல அதைச் சேர்த்தது. உடல் அலையும் தனித்தனி அசைவுமா இருக்கிற சென்சுவல் பாணி, ஸ்பெயினோட காதிஸ்ல கோர்க்கே, ஜூடித் ஜோடி உருவாக்கினது. ரெண்டு பக்கத்துக்காரங்களும் இதுல எதையும் மறுக்க மாட்டாங்க. உங்க கருத்தைக் கேட்டா "ரெண்டுலயும் ஒவ்வொரு வகுப்பு போய்ப் பார்க்கணும், யார்கிட்ட போகலாம்?" னு திருப்பிக் கேளுங்க. சண்டை நின்னு ஆளுக்கொரு ஆசிரியர் பெயர் சொல்ல ஆரம்பிப்பாங்க. ஆனா அந்த ஆசிரியர்களைப் பத்தின வம்புக்குள்ள மட்டும் போயிடாதீங்க. ஆட்ட உலகம் சின்னது, மேஜையில சொன்னது மறுவாரம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துடும்.

புதுத்தடம்
ஒரே ஒரு சந்தேகம். போன வாரம் பெயர் சொல்லி அறிமுகமானவர் இந்த வாரம் எதிர்ல வர்றார், பெயர் மறந்துபோச்சு. என்ன பண்றது?

மண்டப_வேலை
நேரா கேட்டுடுங்க: "போன வாரம் ஷூ மாத்துற இடத்துல பேசினோம், உங்க பெயர் மட்டும் மறந்துட்டேன்." எங்க, என்ன பேசினோம்கிறதைச் சொன்னீங்கன்னா பெயர் மறந்தது பெரிசாத் தெரியாது. அவங்களும் உங்க பெயரை மறந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால உங்க பெயரையும் சேர்த்துச் சொல்லிடுங்க. கிளம்பினதும் போன்ல ஒரு வரி குறிச்சு வைக்கிறது நல்ல பழக்கம்: பெயர், லீடா ஃபாலோவா, எதைப் பத்திப் பேசினது. அடுத்த சோஷியலுக்கு உள்ளே நுழையறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.